உப்பு இறங்கும், காரம் இறங்காது: பெரி பெரி முழுக்கோழி சுடும் அறிவியல்

முழுக்கோழிக்கு மசாலா தடவி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், விடிவதற்குள் மசாலா எலும்புவரை இறங்கிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். மறுநாள் சுட்டு நெஞ்சுக்கறியை வெட்டிப் பார்த்தால் மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கணுமோ என்று தோன்றும். ஊறிய நேரத்தில் குறை ஒன்றுமில்லை. இன்னும் ஒரு நாள் வைத்திருந்தாலும் இதே வெள்ளைதான் தெரியும். மசாலாவில் இருக்கும் பொருள்களில் கறிக்குள் ஆழமாகப் போகக்கூடியது ஏறக்குறைய உப்பு ஒன்றுதான். மிளகாயின் காரம், பூண்டின் மணம், செந்நிறம் எல்லாம் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே நின்றுவிடும்.

இதை ஒப்புக்கொண்டால் வேலையின் வரிசையே மாறிவிடும். முதலில் உப்பைத் தனியாக, தண்ணீரில் கரைத்து உள்ளே அனுப்ப வேண்டும். பிறகு தோலைக் காயவைக்க வேண்டும். அதன் பிறகுதான் சூடு. காரச் சாஸுக்குக் கடைசியில்தான் இடம். இந்த வரிசை ஏன் இப்படி என்பதைப் பெரி பெரி கோழியை வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுபோன ஒரு குட்டி மிளகாய் மொசாம்பிக்கிலும் அங்கோலாவிலும் வேரூன்றியது. அதோடு பூண்டு, எலுமிச்சை, எண்ணெய், உப்பு சேர்த்து அரைத்த சாஸைப் பூசி, முதுகைப் பிளந்து விரித்த கோழியைக் கரியில் சுடுவதுதான் பெரி பெரி கோழி. போர்ச்சுகலின் தென்கோடியில் அல்கார்வ் பகுதியிலுள்ள கியா என்ற சிற்றூர் இந்தக் கோழிக்காகவே பேர்பெற்றது. 1987-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய நான்டோஸ் உணவகங்கள் வழியாக உலகம் முழுவதும் தெரிந்ததும் இதே சாஸ்தான். அந்த மிளகாய் நமக்குப் புதிதில்லை. குமரி மாவட்டத்துச் சந்தையில் காந்தாரி என்று விற்கும் மிளகாயும் காப்சிகம் ஃப்ரூட்டசென்ஸ் என்ற அதே இனம்தான்.

கறிக்கடையில் தொடங்கும் வேலை

நம் ஊர் பிராய்லர் கடைகளில் சொல்லாவிட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள். சுடுவதற்குத் தோல் கட்டாயம் வேண்டும். "தோலோட, வெட்டாம, முழுசா" என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும் வசதியுள்ள கடையாகப் பார்ப்பது நல்லது. சுத்தம் செய்தபின் 1.3 முதல் 1.5 கிலோ வரும் கோழியே போதும். இதற்கு மேல் போனால் நெஞ்சுக்கறி தடித்து, நடுப்பகுதி வேகும் முன்பே வெளிப்பகுதி காய்ந்துவிடும்.

நாட்டுக்கோழி இந்த முறைக்குச் சரிவராது. பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வருகிறது. நாட்டுக்கோழி பல மாதம் ஓடியாடி வளர்ந்தது. வயது ஏற ஏறத் தசையைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளும். அவற்றைக் கரைக்க ஈரமும் நீண்ட நேரச் சூடும் வேண்டும். உப்புநீரால் கொலாஜனை அசைக்க முடியாது. நாட்டுக்கோழியைக் குழம்புக்கு விட்டுவிடுவதுதான் அதற்கு மரியாதை.

கண்ணெதிரே அறுத்து வாங்கும் கோழியில் இன்னொரு சிக்கல் உண்டு. உயிர் போனபின் தசையில் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு தீர்ந்துவிடுகிறது. அது தீர்ந்ததும் மயோசின், ஆக்டின் என்ற இரண்டு புரத இழைகளும் ஒன்றையொன்று பிடித்துப் பூட்டிக்கொள்கின்றன. தசை விறைத்துப்போகிறது. சில மணி நேரம் கழித்துத் தசையிலுள்ள நொதிகள் இழைகளை அங்கங்கே அறுக்கத் தொடங்கிய பிறகே தளர்ச்சி வரும். விறைப்பு இருக்கும்போதே சுட்டால் நெஞ்சுக்கறியை இழுத்துக் கடிக்க வேண்டியிருக்கும். கறி சூடாக இருக்கும்போதே அடுப்பேற்றினால்தான் ருசி என்ற பழக்கம், சுடுகிற கோழியைப் பொறுத்தவரை கெடுதல்தான். ஃப்ரிட்ஜில் ஏழெட்டு மணி நேரம் இருந்தாக வேண்டும். உப்புநீரில் ஊறும் நேரத்திலேயே இந்தத் தளர்ச்சியும் நடந்து முடிந்துவிடும் என்பது உப்புநீரின் சொல்லப்படாத நன்மைகளில் ஒன்று.

சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த கோழி வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். உப்பு, பாஸ்பேட் என்று போட்டிருந்தால் தொழிற்சாலையிலேயே உப்புநீர் ஏற்றிய கோழி அது. அதை மறுபடி உப்புநீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது.

உப்பு உள்ளே போய் என்ன செய்கிறது?

உப்புநீரில் கறி ஊறுவதற்குச் சவ்வூடுபரவல்தான், அதாவது உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வு வழியே நகர்வதுதான், காரணம் என்று பல சமையல் குறிப்புகளில் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. தசைக்குள் கரைந்திருக்கும் பொருள்களின் அடர்த்தி சுமார் 0.9 சதவீத உப்புநீருக்குச் சமம். வெளியே இருப்பது 5 சதவீத உப்புநீர். சவ்வூடுபரவல் மட்டும் நடந்தால் கறியிலிருந்து தண்ணீர் வெளியே வர வேண்டும். நடப்பது நேரெதிர். கோழி தன் எடையில் பத்தில் ஒரு பங்குவரை தண்ணீர் குடித்துக் கனக்கிறது.

விடை புரதத்தில் இருக்கிறது. தசைநார்களில் மயோசின் இழைகள் வரிசையாக, நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் இந்த இழைகளில் ஒட்டிக்கொள்ளும்போது அவற்றின் எதிர்மின் சுமை கூடுகிறது. ஒரே வகை மின்சுமை கொண்டவை ஒன்றையொன்று தள்ளும். இழைகள் விலக, இடைவெளி அகல, அங்கே தண்ணீர் வந்து அமர்கிறது. 1983-ல் ஜெரால்ட் ஆஃபர், ஜான் டிரினிக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தனித்தனியாகப் பிரித்த தசை நுண்ணிழைகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து உப்புநீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 5 முதல் 6 சதவீத உப்புநீரில் அவை இரண்டு மடங்குக்கு மேல் பருத்தன. சமையல்காரர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்த 5, 6 சதவீதம் என்ற அளவு சோதனைக்கூடத்திலும் அப்படியே வந்து நின்றது. உப்பு மிகவும் ஏறினால் கதை திரும்பிவிடும். புரதங்கள் சுருங்கித் தண்ணீரை விட்டுவிடும். கருவாட்டுக்கு மீனை உப்பில் புதைக்கும்போது நடப்பது அதுதான்.

தண்ணீர் உள்ளே போவது பாதி வேலைதான். அடுப்பிலும் அது உள்ளேயே நிற்க வேண்டும். கறி சூடாகும்போது 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின் சுருண்டு உறையத் தொடங்குகிறது. 65 டிகிரியைத் தாண்டியதும் ஆக்டினும் உறைகிறது. தசைநார்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் சாற்றை வெளியே தள்ளுகின்றன. உப்பு ஏறிய கறியில் மயோசினின் ஒரு பகுதி ஏற்கெனவே கரைந்து போயிருக்கும். கரைந்த புரதம் சூட்டில் மெல்லிய கூழாக உறைந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. கூடுதல் தண்ணீரோடு அடுப்புக்குள் போய், குறைவாக இழந்து வெளியே வருவதால்தான் நெஞ்சுக்கறி சாறோடு இருக்கிறது. இதனால் கிடைப்பது சில டிகிரி சலுகைதான். 85 டிகிரிவரை விட்டுவிட்டால் எந்த உப்புநீராலும் காப்பாற்ற முடியாது.

காரம் ஏன் இப்படி உள்ளே போவதில்லை? கறியில் முக்கால் பங்கு தண்ணீர். சோடியம், குளோரைடு அயனிகள் சிறியவை, தண்ணீரில் கரைந்து தாராளமாக நகரும். மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் அதைவிட மிகப் பெரிய மூலக்கூறு. எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரைய மறுக்கும். ஈரமான தசைக்குள் அதற்கு வழி கிடையாது. இதே காரணத்தால் உப்புநீரில் பட்டை, கிராம்பு, மிளகு, மிளகாய்த்தூள் போடுவதெல்லாம் பெரும்பாலும் வீண்செலவு. அந்த மிளகைச் சாஸில் போட்டால் நாக்குக்காவது தெரியும்.

உப்பும்கூட அவசரப்படாது. ஊடுருவ எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஒன்றேகால் கிலோ கோழிக்கு எழுதிய நேரம் இரண்டரைக் கிலோ கோழிக்கு ஏன் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

உப்புநீரில் எலுமிச்சையோ வினிகரோ சேர்க்கக் கூடாது. கோழிக்கறியின் அமிலத்தன்மை சாதாரணமாக பி.எச். 6-ஐ ஒட்டி இருக்கும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). கொஞ்சம் அமிலம் சேர்ந்து 5.3 பக்கம் இறங்கினால் புரதங்களின் மின்சுமை சமன்பட்டு, இழைகள் நெருங்கி, தண்ணீரைப் பிடிக்கும் திறன் அடிமட்டத்துக்குப் போய்விடும். உப்பு விலக்கி வைத்த இழைகளை எலுமிச்சை திரும்ப நெருக்குகிறது. மேலாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து மாவாகிப்போன கறி வருவது இதனால்தான். பெரி பெரியின் உயிர்நாடியான எலுமிச்சைக்கு முறை வரும், கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அளவு, நேரம்

கோழியை முதலில் விரிக்க வேண்டும். முதுகெலும்பின் இரு பக்கமும் கனமான சமையல் கத்தரியால் வாலிலிருந்து கழுத்துவரை வெட்டி அதை எடுத்துவிட வேண்டும். கோழியைத் திருப்பிப் போட்டு மார்பெலும்பின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினால் ஒரு முறிவுச் சத்தம் கேட்கும். கோழி தட்டையாகிவிடும். எடுத்த முதுகெலும்பு சூப்புக்கு ஆகும். தட்டையான கோழி சின்னப் பாத்திரத்தில் அடங்கும், உப்பு சீக்கிரம் ஏறும், அடுப்பில் சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படும்.

குழாயடியில் கோழியைக் கழுவுவதைத் தவிர்ப்பது நல்லது. தெறிக்கும் நீர்த்துளிகளோடு சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் சிங்க் முழுக்கப் பரவும். கிருமியைக் கொல்வது அடுப்பின் வேலை.

1.4 கிலோ கோழிக்கு இரண்டரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 125 கிராம் உப்பு. இது 5 சதவீதம். உப்பைத் தராசில் நிறுக்க வேண்டும். தூளுப்பு ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 18 கிராம் நிற்கும். கல்லுப்பு அதே கரண்டியில் பரலின் அளவைப் பொறுத்து வேறு எடை காட்டும். கரண்டிக் கணக்கை நம்பிக் கெட்ட கோழிகள் ஏராளம். கல்லுப்பைக் கரைக்க வெந்நீர் வேண்டுமென்றால் அரை லிட்டரில் கரைத்து, மீதியை ஐஸ் தண்ணீராகச் சேர்க்கலாம். கோழியைப் போடும்போது உப்புநீர் சில்லென்று இருக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராகவோ உணவுக்கான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். அலுமினியம், இண்டாலியம் வேண்டாம், உப்பு அவற்றை அரிக்கும்.

முழுதும் மூழ்கும்படி ஒரு தட்டை மேலே கவிழ்த்து, ஃப்ரிட்ஜில் 4 டிகிரியை ஒட்டிய குளிரில் 6 முதல் 8 மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் கறியின் வெளிப்பகுதி இறுகி, வழுவழுப்பாக, ஹாம் போன்ற பதத்துக்குப் போய்விடும். மறந்து நேரம் கடந்துவிட்டால் குளிர்ந்த நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே போட்டுவைத்தால் மேலேயுள்ள உப்பு ஓரளவு இறங்கிவிடும். பயன்படுத்திய உப்புநீரைச் சாக்கடையில் ஊற்றத்தான் வேண்டும், இரண்டாவது கோழிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

வேலைக்குப் போகிறவர்கள் இத்தனை மணிக்கு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாமென்றால் வேறொரு கணக்கு இருக்கிறது. கோழியின் எடையையும் தண்ணீரின் எடையையும் கூட்டி அதில் ஒன்றரை சதவீதம் உப்பு போட வேண்டும். 1,400 கிராம் கோழி, 2,000 கிராம் தண்ணீர் என்றால் மொத்தம் 3,400. அதற்கு 51 கிராம் உப்பு. இதில் 24 மணி நேரம் வைத்தாலும் கரிக்காது. உள்ளேயும் வெளியேயும் உப்பு சமப்பட்டு நிற்கும் உச்சமே ஒன்றரை சதவீதம்தான். நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் தவறவே வழியில்லாத முறை இது.

ஃப்ரிட்ஜில் பாத்திரத்துக்கு இடமில்லையென்றால் தண்ணீரே இல்லாமல், கோழியின் எடையில் 1.3 சதவீத உப்பை, அதாவது 1.4 கிலோவுக்கு 18 கிராம், தோலின் மேலும் கீழும் உள்பக்கமும் தேய்த்து ஒரு நாள் திறந்து வைக்கலாம். கூடுதல் தண்ணீர் ஏறாது, இருப்பது மட்டும் நிற்கும். தோல் இன்னும் நன்றாக மொறுமொறுக்கும்.

தோல் காய வேண்டும்

உப்புநீர் முறையின் பெரிய பலவீனம் நனைந்த தோல். அதைச் சரிசெய்யாமல் அடுப்பில் வைப்பதுதான் பெரும்பாலான தோல்விகளின் மூலம். ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கொதிநிலைவரை சூடாக்க சுமார் 420 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கு மேல். தோலில் ஈரம் இருக்கும்வரை ஓவனின் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஓவன் 220-ல் இருந்தாலும் தோல் 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணப்பதற்குக் காரணமான மெயிலார்டு வினை வேகம் பிடிப்பது 140 டிகிரிக்கு மேல்தான். தோல் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் நெஞ்சுக்கறி வெந்து வறண்டுவிடும்.

எனவே உப்புநீரிலிருந்து எடுத்ததும் சுத்தமான துணியாலோ டிஷ்யூவாலோ எல்லா மடிப்புகளையும் ஒற்றி எடுக்க வேண்டும். தொடையும் உடலும் சேரும் மடிப்பு, இறக்கைக்குக் கீழே உள்ள குழிவு, இந்த இரண்டிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். பிறகு கம்பித் தட்டில், கீழே டிரே வைத்து, மூடாமல், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஓர் இரவு வைக்க வேண்டும். அடித்தட்டில் வைத்தால்தான் சொட்டும் நீர் வேறு உணவில் விழாது. ஐஸ் கட்டாத வகை ஃப்ரிட்ஜில் உள்ளே காற்று ஓடுவதால் நன்றாகக் காயும். பழைய வகை ஃப்ரிட்ஜானால் சுடுவதற்கு முன் அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் காட்டலாம். தோல் கண்ணாடிக் காகிதம்போல் மெலிந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல், அடியில் உள்ள கறியின் நிறம் மங்கலாகத் தெரிய வேண்டும். இந்த ஓர் இரவில் மேலே குவிந்திருக்கும் உப்பும் உள்நோக்கிப் பரவிச் சீராகும்.

சாஸ்

காந்தாரி அல்லது அதற்கு இணையான சிறு சிவப்பு மிளகாய் 25 கிராம். சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, சுமார் 120 கிராம், அடுப்புத் தீயில் வாட்டித் தோல் உரித்தது. பூண்டு 30 கிராம். காஷ்மீரி மிளகாய்த்தூள் 8 கிராம். எண்ணெய் 100 மில்லி. எலுமிச்சைச்சாறு 40 மில்லி, வினிகர் 20 மில்லி. பிரியாணி இலை ஒன்று. உப்பு 4 கிராம் போதும், கோழியில் ஏற்கெனவே இருக்கிறது. காந்தாரியின் காரம் ஸ்கோவில் அளவில் பல பத்தாயிரங்களில் போகும். காரம் பழகாதவர்கள் 10 கிராமில் தொடங்கலாம். அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் காரத்தை அளக்க வழி சொன்ன 1912-ல்தான் பிரான்சில் லூயி காமீ மெயிலார்டு தன் வினையை வெளியிட்டார். காரக்கோழியின் இரண்டு பாதிகளும் ஒரே ஆண்டில் அறிவியலுக்குள் வந்தன.

மிளகாய், பூண்டு, பிரியாணி இலை மூன்றையும் எண்ணெயில் போட்டு மிகச் சிறு தீயில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பூண்டு சிவக்கக் கூடாது, ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்தால் போதும். காப்சைசினும் மிளகாயின் செந்நிறமும் எண்ணெயில் இறங்குவதற்காகத்தான் இது. அடுப்பை அணைத்து, சற்று ஆறியதும் மிளகாய்த்தூளைக் கலக்கவும். மேலே தெளிந்து நிற்கும் சிவப்பு எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து வைக்கவும். இலையை எடுத்துவிட்டு, மீதியைக் குடைமிளகாய், உப்பு, எலுமிச்சை, வினிகரோடு நைசாக அரைக்கவும். கையில் உறை, ஜன்னல் திறப்பு இரண்டும் அவசியம். காப்சைசின் ஆவியோடு எழுந்தால் வீடே இருமும்.

பூண்டும் மிளகாயும் போட்ட எண்ணெயைச் சாதாரண அறை வெப்பத்தில் வைத்திருக்கக் கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள், போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சூட்டலை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

அடுப்பில்

ஓடிஜி ஓவனின் குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை அப்படியே நம்பக் கூடாது. இருபது முப்பது டிகிரி முன்பின் காட்டும் ஓவன்கள் சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் கேக்குக்கும் உதவும். 220 டிகிரிக்கு இருபது நிமிடம் முன்சூடு. தனியே எடுத்த சிவப்பு எண்ணெயைத் தோல் முழுக்கப் பிரஷ்ஷால் தடவவும். இதில் தண்ணீர் இல்லை, சர்க்கரை இல்லை, அதனால் தோல் மொறுமொறுப்பதைத் தடுக்காது. கோழியைத் தோல்பக்கம் மேலே இருக்க, கம்பித் தட்டில் விரித்து, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே, கால்கள் ஓவனின் பின்புறம் இருக்கும்படி வைக்கவும். பின்பக்கம்தான் சூடு கூட இருக்கும், காலுக்குத்தான் கூடுதல் சூடு தேவை. கீழ் டிரேயில் உருளைக்கிழங்கு வட்டங்களைப் பரப்பினால் சொட்டும் கொழுப்பு கருகிப் புகையாமல் கிழங்கில் ஏறும். கிழங்குக்குத் தனியாக உப்பு வேண்டாம்.

நெஞ்சுக்கும் காலுக்கும் வேண்டிய சூடு வேறு. நெஞ்சுக்கறி 70 டிகிரியைத் தாண்டத் தாண்ட வறளும். தொடையில் கொலாஜன் அதிகம், 75-க்கு மேல் போனால்தான் அது ஜெலாட்டினாக இளகும். 80 டிகிரியில் தொடை மிக நன்றாக இருக்கும். முழுக்கோழியை உருண்டையாக வைத்துச் சுடும்போது துருத்திக்கொண்டு நிற்கும் நெஞ்சு முதலில் வெந்துவிடும், மடங்கிக் கிடக்கும் தொடை பின்தங்கும். விரித்த கோழியில் தொடை ஓரத்துக்கு வந்துவிடுவதால் இந்த முரண் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுமார் 25 முதல் 30 நிமிடத்தில், நெஞ்சின் தடித்த இடத்தில் எலும்பைத் தொடாமல் செருகிய தெர்மாமீட்டர் 58 அல்லது 60 காட்டும். தோல் பொன்னிறமாகிக் கொழுப்பு உருகியிருக்கும். இப்போதுதான் சாஸ். பூச வேண்டிய அளவை மட்டும் வேறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மீதியைத் தனியே வைக்கவும். ஓவனை 200-க்குக் குறைத்து, மெல்லிய ஒரு பூச்சு. ஆறு நிமிடம் கழித்து இன்னொன்று. முதலிலேயே பூசியிருந்தால் சாஸின் தண்ணீர் தோலை நனைத்திருக்கும், குடைமிளகாயின் சர்க்கரையும் பூண்டும் முக்கால் மணி நேரத்தில் கருகிக் கசந்திருக்கும். அதற்குமேல் ஓர் இடைஞ்சல், அமிலம் மெயிலார்டு வினையையும் மந்தமாக்கும். சிவந்த தோலின் மேல் பூசும்போது இந்தச் சிக்கல்கள் ஒன்றும் இல்லை.

நெஞ்சு 70 அல்லது 71, தொடை 78-க்கு மேல் காட்டினால் வெளியே எடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் அப்படியே விட்டால் உள்சூடு இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும். பாதுகாப்பு அளவாகச் சொல்லப்படும் 74-ஐ நெஞ்சு எட்டிவிட்டதா என்று மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். எட்டவில்லை என்றால் திரும்ப ஐந்து நிமிடம் ஓவன். ஃபாயில் போட்டு இறுக்கி மூடினால் ஆவி அடைபட்டுத் தோல் தொய்ந்துவிடும்.

தொடை எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். இளம் பிராய்லரின் எலும்பு முதிராதது, மஜ்ஜையின் நிறமி கசிந்து பக்கத்துக் கறியைச் சிவப்பாக்கும். தெர்மாமீட்டர் சரியாகக் காட்டினால் வெந்துவிட்டது என்றே அர்த்தம். தெர்மாமீட்டர் இல்லாமல் சாறு தெளிவாக வருகிறதா என்று மட்டும் பார்ப்பது இந்த இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடிய சோதனை. சிவந்த சாறு வரும் வெந்த கோழியும் உண்டு, தெளிந்த சாறு வரும் வேகாத கோழியும் உண்டு.

தட்டில்

மீதிச் சாஸ் முழுவதும் இப்போதுதான் பயன்படப்போகிறது. கோழியை மூட்டு மூட்டாகப் பிரித்து, நெஞ்சைத் தசைநாருக்குக் குறுக்காக ஒரு விரல் தடிமனில் வெட்ட வேண்டும். உள்ளே போகாத காரத்துக்கு இந்த வெட்டுப் பரப்புகள்தான் வாசல். கோழியைத் தொட்ட பிரஷ் போடாத, தனியே வைத்த சாஸில் புதிதாகக் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து வெட்டுமுகங்களில் தடவினால், ஓர் இரவு மசாலாவில் ஊறிய கோழியைவிட ஒவ்வொரு வாயிலும் காரம் கூடுதலாகத் தெரியும்.

சூடாகச் சாப்பிட்டால் இன்னும் உறைக்கும். காரத்தை உணர்வது நாக்கின் நரம்பு முனைகளிலுள்ள டிஆர்பிவி1 என்ற உணர்வு வாங்கி, அதாவது காரமும் சூடும் பட்டதும் மூளைக்குச் செய்தி அனுப்பவைக்கும் புரதம். 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்த இதற்காக அவருக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காப்சைசின் மட்டுமில்லாமல் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் அமிலமும் அதே வாங்கியைத்தான் தட்டுகின்றன. சூடான கோழி, காந்தாரி, எலுமிச்சை மூன்றும் ஒரே கதவை ஒரே நேரத்தில் தட்டுவதால்தான் பெரி பெரி அப்படி உறைக்கிறது. பறவைகளின் டிஆர்பிவி1 காப்சைசினுக்கு அசையாது. காந்தாரிப் பழத்தைக் கோழி கொத்தினால் அதற்கு ஒன்றும் தெரியாது, விதையை அப்படியே எங்கோ கொண்டுபோய்ப் போடும்.

உறைப்பு தாங்காதவர்களுக்குத் தண்ணீர் பயனில்லை. தயிரோ கெட்டி மோரோ பக்கத்தில் இருக்கட்டும். அவற்றின் கேசீன் புரதம் காப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மறுநாள் திரும்பச் சூடாக்கினால் நெஞ்சு வறளும் என்பதால், தொடைக்கறியை மட்டும் சூடாக்கி, நெஞ்சுக்கறியைக் குளிர்ச்சியாகவே மெல்லிசாகச் சீவி, சாஸ் தடவி ரொட்டிக்கு நடுவில் வைப்பது நல்லது. எலும்பில் சூப்பு வைக்கிறவர்கள் கொதித்து முடியும்வரை உப்பு போட வேண்டாம், எலும்பை ஒட்டிய கறியிலேயே போதுமான உப்பு இருக்கும்.